நாய்க்கு எலும்பு இடலாமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பு வட்டாரத்தில் தென்னந்தோப்புக்கும் களத்துமேட்டுக்கும் நாய் நல்ல காவல். அண்டையிலுள்ள இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வெண்ணிற நாயின் உருவம் பொறித்த தபால்தலையை 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. இத்தகைய காவலனுக்கு நாம் இடும் உணவே சில வேளை எமனாகிவிடுகின்றது.

விருந்து முடிந்ததும் வெந்த கோழி எலும்பையும் ஆட்டெலும்பையும் நாய்க்கு எறிவது வழக்கம். பச்சை எலும்பிலுள்ள பசை அதற்கு நெகிழ்ச்சி தருகின்றது. வேகும்போது அப்பசை குழம்பில் இறங்கிவிடுவதால், எலும்பு கூரிய சிலாம்புகளாகப் பிளக்கின்றது. அவை தொண்டையில் சிக்கலாம், குடலைக் கிழிக்கலாம், மலத்தை இறுக்கி அடைக்கலாம்.

பச்சை எலும்பும் தீங்கற்றதன்று. பல் உடையும், கிருமி தொற்றும். ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும். அவற்றைத் தின்ற நாயின் மலத்தின் வழியே புழுவின் முட்டைகள் பரவி, மனிதரின் ஈரலிலும் கட்டி உண்டாகும். ஆகவே, இறைச்சிக் கடைக் கழிவை நாய்கள் எட்டாதவாறு ஆழக் குழியிட்டுப் புதைக்கச் செய்வது பஞ்சாயத்தின் கடமை.

நாய் ஓயாது ஓக்காளித்தாலும், முக்கியும் மலம் கழியாவிடினும், மலத்தில் இரத்தம் தோன்றினும், பேதி மருந்தோ எண்ணெயோ கொடுத்தல் கூடாது; உடனே கால்நடை மருந்தகத்தை நாடுக. எச்சில் வடிக்கும் நாயின் வாயில் கைவிடலாகாது. அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

எலும்பு நீக்கிய இறைச்சியும் முட்டையும் சோறும் நாய்க்கு இடலாம். மிஞ்சிய எலும்பைத் தென்னையடியில் ஆழப் புதைத்தால், நாளடைவில் மணிச்சத்தாக மண்ணிற்குச் சேரும்.