கடைசியாக வருபவரே நம் வேகம்

சனிக்கிழமை, விடியற்காலை மணி 5.45. ரவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் ஒன்பது சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன. வாரத்தில் ஐந்து நாள் இதே நேரத்தில் நான் வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஊரை எழுப்பிக்கொண்டிருப்பேன். "ஆறாவது நாளாவது தூங்கக்கூடாதா?" என்று என் மனைவி கேட்பது நியாயமான கேள்விதான்.

பதில் ஒரு மருத்துவ அறிக்கையில் இருக்கிறது. போன வருடம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 6.3ஐத் தொட்டால் இனிப்புநீர். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கு அந்த நோயால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். தோட்டத்தில் இருந்தவரை எங்கு போனாலும் சைக்கிளில் போன மனிதர் அவர். தாமான் வீட்டுக்கு மாறி, கார் வாங்கி, சைக்கிளை விற்ற பிறகுதான் அவருடைய கால் கெட்டது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. மூன்று பேர் சேர்ந்து தேநீர் குடித்தால், அநேகமாக ஒருவர் சீனி இல்லாமல் கேட்க வேண்டியவர்.

எங்கள் ஒன்பது பேரும் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். கிள்ளானிலிருந்து லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், செலாயாங்கிலிருந்து தாதியாக வேலை செய்யும் அக்கா ஒருவர், கணினித் துறைத் தம்பிகள் சிலர். எல்லாரிலும் மூத்தவர், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற 61 வயது பிரிக்பீல்ட்ஸ் மாமா. எங்கள் இலக்கு, ரவாங்கிலிருந்து பிரேசர்மலைக்குப் போய் ஒரே நாளில் திரும்புவது. போக வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

மலையில் கூட்டம் ஏன் கலைகிறது?

சமதரையில் கூட்டமாக சைக்கிள் ஓட்டுவது ஒரு சுகம். வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னே போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் சுமை குறையும். பலம் குறைந்தவரையும் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. எதிரி புவியீர்ப்பு. நூறு மீட்டர் சாலைக்கு ஆறு மீட்டர் உயர்ந்தால் அதை 6 விழுக்காடு ஏற்றம் என்கிறோம். அந்த ஏற்றத்தில் யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாலும், உங்கள் எடையை நீங்கள்தான் மேலே தூக்க வேண்டும். அதனால்தான் மேடு தொடங்கிய சில நிமிடங்களில் கூட்டம் நூல் அறுந்த மணிமாலை போல் சிதறிவிடுகிறது.

தொழில்முறை வீரர்களுக்கும் இதே கதிதான். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் போட்டியில் கெந்திங் மலை ஏற்றம் பெயர் பெற்றது. அத்தகைய போட்டிகளில் மேடு ஏற முடியாத பலசாலிகள் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு 'குருப்பெட்டோ', சின்னக் கூட்டம் என்று பெயர். நேர வரம்புக்குள் எல்லாரும் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒருவரையொருவர் விடாமல் ஏறுவார்கள். அந்தப் பாடம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நம் வாசலிலேயே மேடு

ரவாங்வாசிகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பயிற்சிக்கு மலை தேடி எங்கும் போக வேண்டாம். தெற்கே செலாயாங் போகும் பழைய சாலை, காஞ்சிங் காட்டையும் டெம்பிளர் பூங்காவையும் ஒட்டி ஏறி இறங்கும். அவ்விடத்து நெரிசலைக் குறைக்க 2017இல் திறந்த மாற்றுச் சாலை, காட்டுக்கு மேலே ராட்சதத் தூண்களில் போகிறது. வடக்கே செரண்டா, பத்தாங்காலி வழியாக உலு யாம் போனால், அங்கிருந்து பத்து அணைக்கட்டு வழியாகப் பத்துமலைக்கு ஒரு காட்டுப்பாதை. வார இறுதியில் கோலாலம்பூர் சைக்கிள்காரர்களில் பாதிப்பேரை அங்கே பார்க்கலாம். கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா ஏறும் பழைய பெந்தோங் சாலை, அடுத்த வகுப்பு. பத்தாங்காலியிலிருந்து கெந்திங் ஏறும் சாலையோ சில இடங்களில் 10 விழுக்காட்டையும் தாண்டும். அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ரவாங், உலு யாம், பத்துமலை, செலாயாங், மறுபடி ரவாங் என்று 60 கிலோமீட்டருக்கு மேல் வரும் வட்டம்தான் எங்கள் பள்ளிக்கூடம். இந்த வட்டத்தில் ஒரு தமிழரின் தடம் இரண்டு முறை குறுக்கிடும். பத்துமலைக் கோயிலை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் சேர்ந்து 1894இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் அதுதான் என்பார்கள். "அவருக்கு மோட்டார் கிடைச்சது, நமக்குக் கால்தான்" என்பது மாமா அடிக்கடி சொல்லும் பகடி.

பயிற்சி முறை எளிமையானதே. வாரநாளில் ஒரு மாலை, ஐந்து நிமிட மேடு ஒன்றை நான்கு முறை ஏறி இறங்குவது. சனிக்கிழமை நீண்ட ஓட்டம். ஒவ்வொரு வாரமும் தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்டுவது. நான்காவது வாரம் குறைத்துக்கொள்வது. மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய கியரில் மிதித்தால் முழங்கால் பழிவாங்கும். சின்னக் கியரில், உட்கார்ந்தபடி, கால் இலகுவாகச் சுற்ற வேண்டும்.

எவ்வளவு வேகம் சரி? அதற்குக் கருவி வேண்டாம், பேச்சே போதும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால், அந்த வேகத்தில் நாள் முழுக்கப் போகலாம். நான் மேட்டில் நிகழ்ச்சிக் குரலில் "நேரம் இப்போது காலை மணி ஏழு பத்து" என்று சொல்லிப் பார்ப்பேன். 'ஏழு' என்ற இடத்தில் குரல் உடைந்தால், ஒரு கியர் குறைத்துவிடுவேன்.

ரயில் போயிடுச்சா?

ஐந்தாவது வாரம் அது நடந்தது. உலு யாமிலிருந்து அணைக்கட்டுக்குப் போகும் மேட்டில் மாமா பின்தங்கினார். "தம்பி, நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் மெதுவா வர்றேன்," என்றார். போனேன். எனக்கு அன்று கால் நன்றாக வந்தது. மேலே முதல் ஆளாகச் சேர்ந்த பெருமையில் படம் எடுத்தேன், குடும்பக் குழுவில் போட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் பேர். இருபது நிமிடம் கழித்துத் தாதி அக்காதான் கேட்டார்: "மாமா எங்க?"

திரும்பி இறங்கினோம். இரண்டு கிலோமீட்டர் கீழே, சாலையோர இரும்புத் தடுப்பில் உட்கார்ந்திருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் கூட்டில் செருக முயன்றுகொண்டிருந்தார். கை நடுங்கியது. சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "ரயில் போயிடுச்சா?" என்று கேட்டார்.

வெயிலும் களைப்பும் என்றுதான் நான் நினைத்தேன். மேட்டில் எல்லாருக்கும்தானே வேர்க்கிறது? அக்கா ஒரே பார்வையில் சொன்னார்: "வேர்க்குது, நடுங்குது, பேச்சு குழம்புது. இனிப்பு இறங்கிடுச்சு." சுயநினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, கிள்ளான் அண்ணனின் பையிலிருந்த இனிப்புப் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் விளம்பர இடைவேளையே இல்லாத மிக நீண்ட பதினைந்து நிமிடம் அது. பிறகு மாமா சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார். அக்கா ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துச் சாப்பிட வைத்தார். பிறகு அண்ணன் தன் மருமகனை வரச்சொல்லி, மாமாவைக் காரில் அனுப்பிவைத்தோம்.

நடந்தது இதுதான். மாமா விடியற்காலையில் வழக்கமான இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து பசியாறலாம் என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டார். அவர் சாப்பிடும் வகை மாத்திரை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். மேட்டில் தசைகளும் அதே சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் இறக்கம் கிடுகிடுவென்று வரும். இன்சுலின் போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நம் வீடுகளில் இப்போது நடையும் சைக்கிளும் பரவி வருவது நல்ல செய்தி. ஆனால் மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன் மருத்துவரிடம், "நான் இவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்யப் போகிறேன், மாத்திரையையும் உணவையும் எப்படி வைத்துக்கொள்வது?" என்று கேட்டே ஆக வேண்டும். மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தவும் கூடாது. சட்டைப் பையில் மிட்டாயோ சீனியோ எப்போதும் இருக்கட்டும். அறிகுறி தெரிந்தால் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். உங்களோடு வருபவர்களிடம் உங்கள் நோயைச் சொல்லுங்கள். மாமா எங்களிடம் சொல்லவில்லை. "சொன்னா கூட்டிக்கிட்டுப் போக மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் பிறகு. அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

புதிய சட்டங்கள்

அன்றைக்குப் பிறகு எங்கள் குழுவில் சில சட்டங்கள் வந்தன. கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் வருவார், முறைவைத்து. மேட்டை முதலில் முடித்தவர் படம் எடுத்துக்கொண்டு நிற்கக்கூடாது; திரும்பி இறங்கி, கடைசி ஆளோடு சேர்ந்து மறுபடி ஏற வேண்டும். பலசாலிக்கு அது கூடுதல் பயிற்சி, பின்னால் வருபவருக்குத் துணை. முக்கால் மணிக்கு ஒரு முறை எல்லாரும் ஏதாவது சாப்பிட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ண வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். வளைவில் ஒற்றை வரிசை. பின்னால் கார் வந்தால் கடைசி ஆள் "கெரேத்தா!" என்று கத்த, அது வரிசை நெடுகப் போகும்.

மாமா மருத்துவரைப் பார்த்து, மாத்திரை நேரத்தையும் காலை உணவையும் சரிசெய்துகொண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய மிட்டாய்ப் பொட்டலம்.

பிரேசர்மலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி 5.30க்குக் கிளம்பினோம். செரண்டா, பத்தாங்காலி, ராசா கடந்து கோலகுபு பாருவில் பசியாறல். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிலாங்கூர் அணைக்கட்டின் ஏரி விரிந்து மறைகிறது, பிறகு காடுதான். செங்குத்தான சாலை அல்ல, ஆனால் முடிவே தெரியாத சாலை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டது இந்த வளைவுகளில்தான். இன்று சத்தம் போடுவது குரங்குகள் மட்டுமே.

கேப் என்னும் இடத்திலிருந்து கடைசி 8 கிலோமீட்டர் குறுகலான ஒருவழிப் பாதை. அங்கேதான் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. மாமாவுக்கு அல்ல, எனக்கு. உற்சாகத்தில் இரண்டு முறை சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தேன். தொடை கல்லாகிவிட்டது. 'நேரம் இப்போது' என்று சொல்லக்கூட மூச்சில்லை. "நீங்க போங்க," என்றேன்.

மாமா இறங்கினார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிட்டாயை நீட்டினார். "நான் எங்கயும் போகல. சாப்பிடுங்க, தம்பி."

ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் குளிர்ந்த ஊருக்குள் நாங்கள் இருவரும்தான் கடைசியாக நுழைந்தோம். எங்களைச் சுற்றி, மேலிருந்து திரும்பி இறங்கி வந்த ஏழு பேர்.

என் அளவு இப்போது 5.8. வாசலிலிருந்து இரண்டடி பின்னால் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். மாலையில் மழையில் நனைந்து ரவாங் பெட்ரோல் நிலையத்துக்குத் திரும்பியதும், சட்டப்படி தலையை எண்ணும் முறை என்னுடையது. எண்ணினேன். ஒன்பது.