நிற்கும் ரயிலும் நிற்காத ரயிலும்

லண்டன் மேரிலபோன் நிலையத்தில் ஏறி வடமேற்கே முக்கால் மணி நேரம் போனால் கிரேட் மிசென்டன். பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளின் நடுவே ஒரு பள்ளத்தாக்கில் நீளவாக்கில் கிடக்கும் ஊர். கடைத்தெரு ஒன்றுதான். காலையில் நிலையத்தின் கார் நிறுத்தம் நிரம்பும், மாலையில் காலியாகும். லண்டனில் சம்பாதித்து இங்கே உறங்குகிறவர்களின் ஊர் இது.

ரயிலுக்கு முன்பும் இந்த ஊர் வழிப்போக்கர்களை நம்பித்தான் பிழைத்தது. லண்டனுக்கும் ஐல்ஸ்பரிக்கும் ஓடிய குதிரை வண்டிகள் இங்கே நிற்கும். குதிரை மாற்றவும் இரவு தங்கவும் கடைத்தெருவில் சத்திரங்கள் இருந்தன. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இன்னும் பெயர் வாங்காத இளைஞராக, 1874 இலையுதிர்காலத்தில் இந்தப் பக்கம் கால்நடையாக வந்து தங்கிவிட்டுப் போனார். அதற்கும் ஏழு நூற்றாண்டுக்கு முன்னால், 1133இல் இங்கே துறவியர் மடம் எழுந்தது. எட்டாம் ஹென்றி 1538இல் அதைக் கலைத்தார். பிறகு அது பணக்காரர் மாளிகையாயிற்று, முதியோர் கல்விக் கூடமாயிற்று, 1985இல் தீப்பிடித்து எரிந்து திரும்பவும் கட்டப்பட்டது.

உள்ளூர்க்காரர்களின் சோறு காட்டிலிருந்து வந்தது. சுற்றிலும் பீச் மரக்காடுகள். அங்கே குடிசை போட்டு நாற்காலிக் கால் கடைந்தவர்களை ‘பாட்ஜர்’ என்பார்கள். கருவி மிக எளிது. வளைந்து கொடுக்கும் இளமரம் ஒன்று தலைக்கு மேல். அதிலிருந்து இறங்கும் கயிற்றை மரக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கால்மிதியில் கட்டுவார்கள். மிதித்தால் கட்டை சுழலும், உளி சீவும். காலைத் தூக்கினால் இளமரம் நிமிர்ந்து கயிற்றைப் பின்னுக்கு இழுக்கும். கடைந்த கால்கள் வண்டியேறி ஹை விகம் நகரப் பட்டறைகளுக்குப் போகும். இருக்கையையும் முதுகையும் பொருத்துவது அங்கே. 1870களில் விகமில் நாளொன்றுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகள் தயாராயின என்றால், இந்தக் காடுகளில் எத்தனை உளிகள் சீவியிருக்கும்! வீட்டில் பெண்கள் லேஸ் பின்னினார்கள். கிடைத்த கூலி இரண்டிலும் சொற்பம்தான்.

1892 செப்டம்பர் 1 அன்று ரயில் வந்தது. மிசென்டன்காரர்கள்மேல் இரக்கப்பட்டு யாரும் போட்ட பாதையல்ல அது. மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் தலைவர் எட்வர்டு வாட்கினுக்கு மான்செஸ்டரில் புறப்படும் ரயில் லண்டன் வழியாகக் கடலுக்கடியில் புகுந்து பாரிஸ் போக வேண்டும் என்று ஆசை. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுரங்கம் தோண்டவே தொடங்கிவிட்டார். பிரெஞ்சுப் படை அதன் வழியாக வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அரசு தடுத்துவிட்டது. அந்தப் பேராசையின் ஒரு துண்டு மிசென்டன் பள்ளத்தாக்கில் விழுந்தது. 1899இல் வடக்கேயிருந்து வந்த நெடுந்தூர ரயில்களும் இதே தண்டவாளத்தில் ஓடின.

ரயில் கம்பெனி அத்தோடு விடவில்லை. 1915 முதல் ‘மெட்ரோலேண்ட்’ என்ற பெயரில் கையேடு அச்சிட்டு, வயலும் காடும் சூழ்ந்த வீட்டிலிருந்து வேலைக்கு லண்டன் போகலாம் என்று ஆசை காட்டியது. காடுகளில் உளிச் சத்தம் ஓய்ந்துவர, நிலையத்தில் பெட்டியும் குடையுமாக வரிசை நீண்டது. 1961இல் மெட்ரோபாலிட்டன் ரயில் முந்தைய நிலையமான அமர்ஷமோடு நின்றுகொண்டது. அதன்பின் மிசென்டனுக்கு டீசல் வண்டிகள். 1966இல் ஐல்ஸ்பரிக்கு வடக்கே இருந்த நெடுந்தடத்தையே மூடினார்கள். பாரிஸ் போக வேண்டிய பாதை அலுவலகம் போகும் பாதையாகச் சுருங்கியது.

சில்டர்ன் குன்றுகள் 1965இல் ‘சிறப்பான இயற்கை எழில் பகுதி’ ஆயின. லண்டனைச் சுற்றிய பசுமை வளையமும் ஊரைச் சூழ்ந்திருக்கிறது. புறவழிச்சாலை லாரிகளை ஒதுக்கிக் கொண்டுபோனது. புது வீடு கட்டுவது அரிது. லண்டன் சம்பளமோ ரயிலில் வந்துகொண்டே இருக்கிறது. விளைவு சொல்லவே வேண்டாம். நாற்காலிக் கால் கடைந்தவன் வாடகைக்கிருந்த செங்கல் குடிலை, இன்று உள்ளூர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் தன் சம்பளத்தில் வாங்க முடியாது. காட்சி அப்படியே காப்பாற்றப்பட்டது. அதில் வாழ்ந்த வர்க்கம்தான் மாறிவிட்டது.

ஊரின் மிகப் புகழ்பெற்ற குடிமகனுக்கு ரயில் தேவைப்படவே இல்லை. குழந்தைகளுக்கான எழுத்தாளர் ரோல்டு டால் 1954இல் இங்கே குடியேறி, 1990இல் இறக்கும்வரை தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினார். கடைத்தெருவின் சிவப்புப் பெட்ரோல் பம்புகள் அவருடைய ‘டேனி’ கதைக்குள் போயின. 2005இல் அவருக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரியவர்கள் லண்டனுக்குப் போன பிறகு, எதிர்த்திசை ரயிலில் குழந்தைகள் வந்து இறங்குகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டாலின் வழிக்கு வந்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்காக, 28 நாளில் எட்டு நாள் பயணிக்கும் சீட்டை ரயில்வே 2021இல் கொண்டுவந்தது.

இதற்கிடையே 2010இல் இன்னொரு ரயில் அறிவிப்பு வந்தது: லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கும் அதற்கு அப்பாலும் ‘ஹெச்எஸ்2’ அதிவேகத் தடம், சில்டர்ன் குன்றுகளின் ஊடாக. ஊர் கொதித்தெழுந்தது. ரயிலால் வளர்ந்த ஊர் ரயிலை எதிர்ப்பதா என்று சிரிப்பது சுலபம். ஆனால் பழைய காட்டையும் சுண்ணப்பாறை நிலத்தடி நீரையும் பற்றிய கவலையில் நியாயம் இருந்தது; ஊர்வழி ஓடும் மிஸ்போர்ன் ஓடை, நீர் உறிஞ்சும் கிணறுகளால் முன்பே வறண்டு வறண்டு மீண்ட ஓடை. தொந்தரவு முழுக்க இங்கே, நிலையம் ஒன்றுகூட மாவட்டத்துக்குக் கிடையாது என்பது இன்னொரு கணக்கு. எதிர்ப்புக்குப் பிறகு சுரங்கத்தை நீட்டினார்கள். 2021 முதல் 2024 வரை இரண்டு இயந்திரங்கள் 16 கிலோமீட்டர் குடைந்தன.

2023 அக்டோபரில் அரசு பர்மிங்காமுக்கு வடக்கே உள்ள பகுதியைக் கைவிட்டது. வாட்கின் ஆசைப்பட்ட அதே மான்செஸ்டர்தான் இம்முறையும் கழன்றுகொண்டது. வேலை முடிந்து ரயில் ஓடும்போது, மிசென்டனுக்குப் பக்கத்திலேயே, சவுத் ஹீத்தில் சுரங்கத்தைவிட்டு வெளியே வரும். மிசென்டன்காரர் அதில் ஏறி பர்மிங்காம் போக நினைத்தால், முதலில் பழைய ரயிலைப் பிடித்து லண்டனுக்குப் போக வேண்டும்.