பொருத்திய கையும் பொறுக்காத உடலும்

மாணவர்களே, விரலில் முள் குத்தினால் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன அல்லவா? பிறர் கையைப் பொருத்தினாலும் அவை சும்மா இருப்பதில்லை. 1964இல் ஈகுவடாரில் ஒரு மாலுமிக்குப் பொருத்திய கையைச் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டியதாயிற்று.

1998இல் பிரான்சின் லியான் நகர மருத்துவர்கள் மீண்டும் துணிந்தனர். இம்முறை டாக்ரோலிமஸ் கைவசம் இருந்தது. ஜப்பானிய மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரி தரும் மருந்து. வெள்ளணுக்களில் ‘டி’ வகையினவற்றை அது அடக்கிவைக்கும்.

கையில் உள்ளவற்றுள் உடல் மிகவும் எதிர்ப்பது தோலைத்தான். இதிலும் ஒரு வசதி! தோல் சிவந்தால் கண்ணுக்கே தெரியும். உடனே மருந்தைக் கூட்டலாம். சிறுநீரகத்தில் இப்படிப் பார்க்க முடியுமா?

லியானில் கை பெற்றவர் மருந்தைத் தொடரவில்லை. 2001இல் அக்கை அகற்றப்பட்டது. தொடர்ந்தாலோ தொற்றுநோய்களுக்கு வழி திறக்கும். ஆகவே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் கை கொடுத்தவரின் எலும்பு மஜ்ஜையையும் செலுத்தி, ஒரே மருந்துடன் சமாளிக்க முயன்றார்கள்.