கணினிப் பெட்டியில் உதிரும் புள்ளி

பெக்கோக் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? பெ, க், கோ, க் என எண்ணி, நான்கு என்பார் தொடக்கப்பள்ளி மாணவர். கணினியோ எட்டு என்று விடை தரும். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, தமிழுக்கு நிரல் எழுதுவோர் சந்திக்கும் பல வழுக்களுக்கு வேராக அமைகின்றது.

ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்திலுள்ள இவ்வூரின் பெயரையே சான்றாகக் கொண்டு ஒரு வழுவை ஆராய்வோம். மாணவர் ஒருவர் சி ஷார்ப் மொழியில் பெயர்ப்பதிவு நிரல் ஒன்றை எழுதுகிறார் எனக் கொள்வோம். உரைப்பெட்டியில் எண்களும் பிற குறிகளும் புகாதிருக்க, ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் ‘இஃது எழுத்தா?’ என வினவி, அல்லாதவற்றைத் தள்ளும் கட்டளையை அவர் சேர்க்கிறார். பின்னர் ‘பெக்கோக்’ எனத் தட்டச்சிடுகிறார். பெட்டியில் ‘பககக’ என்றே தோன்றுகிறது.

இந்நிலையில் எழுத்துருவையோ விசைப்பலகையையோ குறை கூறுவது எளிது. ‘தமிழ் கணினிக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டுவது அதனினும் எளிது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிய நாட்டில், 2001இல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்ற நாட்டில், அம்முடிவு பொருந்தாது. ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்குவதே முறை.

முதலாவதாக, அதே சொல்லை நோட்பேடில் தட்டச்சிடுக. அங்கே செம்மையாக வந்தால், விசைப்பலகையில் குறையில்லை. இரண்டாவதாக, அதனைப் படியெடுத்து, சுட்டியின் வலப் பொத்தான் வழியாக நம் பெட்டியில் ஒட்டுக. அங்கும் செம்மையாகத் தோன்றினால், எழுத்துருவிலும் பெட்டியிலும் குறையில்லை. ஒட்டும்போது விசை அழுத்தச் சோதனை நிகழ்வதில்லை. ஆகவே ஐயம் அச்சோதனையின் மீதே விழுகின்றது. மூன்றாவதாக, அக்கட்டளையைத் தற்காலிகமாக நீக்கித் தட்டச்சிடுக. வழு மறைந்தால் காரணம் உறுதியாகின்றது.

அக்கட்டளையில் பிழை யாது? யூனிகோடு முறையில் 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடமில்லை. ‘க’ போன்ற அகரமேறிய எழுத்துக்குப் பின் கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகள் தனிக் குறியீடுகளாகச் சேர்கின்றன. இக்குறிகளை யூனிகோடு ‘எழுத்து’ என வகைப்படுத்தாமல், ‘சார்குறி’ எனக் கொள்கின்றது. எனவே ‘எழுத்தா?’ என்னும் வினாவுக்குக் கணினி ‘அன்று’ என உண்மையான விடையையே தந்தது. குறை நம் வினாவில் உள்ளது. எழுத்துகளோடு சார்குறிகளையும் ஏற்குமாறு கட்டளையைத் திருத்தினால் பெயர் முழுமையாக வரும்.

இதே வேரிலிருந்து வேறிரு வழுக்களும் முளைக்கும். பெட்டியின் அளவை ஏழு என வரையறுத்தால் ‘பெக்கோக’ என்பதோடு தட்டச்சு நின்று, இறுதிப் புள்ளி உதிரும். பெட்டி எண்ணுவது குறியீடுகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை. டாட்நெட்டிலுள்ள ஸ்ட்ரிங்இன்ஃபோ என்னும் கருவி, சார்குறியை அதன் எழுத்தோடு சேர்த்து எண்ண உதவும். அடுத்து, ‘கோ’விலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேரடி ஒப்பீட்டில் வேறு வேறு. அதனால் பட்டியலில் உள்ள பெயரையே ‘இல்லை’ என நிரல் கூறக்கூடும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றும் ‘இயல்பாக்கம்’ இதற்குத் தீர்வு.

ஆசிரியர்கள் நிரலாக்கப் பயிற்சியில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இவ்வழுக்கள் வெளிப்படா. புள்ளியும் கொம்பும் காலும் அமைந்த பெயர்களையும் கொடுத்தல் வேண்டும். ஒரு புள்ளி உதிர்ந்தாலும் அது பிறிதொரு பெயர். தன் பெயரைத் தானே எழுதிய நிரலில் பிழையின்றிக் காணும் மாணவர், கணினி தம் மொழிக்கும் உரியது என்பதை ஐயமின்றி உணர்வார்.