கொடியேறினா வாடகையும் ஏறணுமா?

எங்க ஊர் வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து, மாதா பிறந்த நாளான செப்டம்பர் 8 வரை திண்ணைகூட காலி இருக்காது. மாடியில் இரண்டு அறை கட்டி நாள் வாடகைக்கு விடுகிறோம். "இந்தப் பத்து நாள்ல மூணு பங்கு வாங்கினாத்தான் கட்டுப்படியாகும்" என்பார் என் வீட்டுக்காரர். நான் சம்மதிப்பதில்லை. திருவிழாக் கூட்டம் தானா வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யார் வருவாங்க? காவி உடுத்தி, கால் கொப்பளிக்க நடந்து வந்தவங்ககிட்ட அநியாயமா கேட்டால், பிள்ளைக்கு மொட்டை போட வரும்போது நம்ம வாசலை மிதிப்பாங்களா?

கடலோர ஊர், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர், மணல் இல்லாத வெளுத்த விரிப்பு, குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு. கேரளாவிலிருந்து வரும் குடும்பங்கள் இதைச் சொல்லியே சொந்தக்காரங்களையும் அனுப்பி வைக்கிறாங்க. செல்போனிலும் அறையின் படத்தைப் போட்டிருக்கிறாள் மகள். குளியலறை, கழிப்பறையையும் சேர்க்கச் சொன்னேன். பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தானே!

ஒன்றில் மட்டும் கறார். அடையாள அட்டை நகல் வாங்காமல் சாவி கிடையாது. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கணும். போன மழைக்காலத்தில் வந்த நாலு குடும்பமும் திருவிழாவில் தங்கிப் போனவங்கதான். வீட்டுக்காரர் இப்போ வாடகைப் பேச்சை எடுப்பதில்லை.

- ஒரு வாசகி, வேளாங்கண்ணி.