பல் போன இடத்தில் மின்சாரம் (தொடர் – 9)

குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறி, அண்ணாமலை நகரில் 1980-இல் ராஜா முத்தையா கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறவர், “புண் ஆறட்டும், அப்புறம் பல் கட்டிக்கலாம்” என்று இருந்துவிடுவது வழக்கம். புண் ஆறிவிடும். எலும்பு காத்திருக்காது. பல் இருந்த மேடு ஓராண்டுக்குள் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கிறது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. பிறகு இம்ப்ளான்ட் வைக்கப் போனால், திருகு பிடிக்க எலும்பு இல்லை என்பார்கள். மின்தூண்டலால் பல்லையே முளைக்க வைக்கலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த 3 மாதத்தில் எலும்பைக் கரையாமல் பிடித்துவைக்க மின்சாரம் உதவுமா என்பது சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி.

காரணம் எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. எலும்பின் நார்ப்பொருளான கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்ற வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது, அது கொலாஜனிலிருந்து வருகிறது என்று 1957-இல் ஜப்பானின் ஃபுகாடாவும் யாசுதாவும் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது உலர்ந்த எலும்பு. உடம்புக்குள் ஈரமான எலும்பில் பிறக்கும் மின்னழுத்தத்துக்குப் பெரும்பாலும் நுண்துளைகளில் ஓடும் உப்புநீரே காரணம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தது நியாயமே. ஆனால் அந்த மறுப்பு மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதைப் பற்றியது. வெளியிலிருந்து கொடுக்கும் மின்சாரத்துக்கு எலும்புச் செல் இணங்குகிறதா என்பது வேறு கேள்வி; அதற்கு விடை இருக்கிறது. 1971-இல் ஃபிலடெல்ஃபியாவில், கூடாமல் கிடந்த ஒரு கணுக்கால் எலும்பு முறிவு 10 மைக்ரோ ஆம்பியரில் கூடியது. செல்போன் சார்ஜரில் ஓடும் 2 ஆம்பியரில் இது 2 லட்சத்தில் ஒரு பங்கு. பக்கத்து நெய்வேலியில் மெகாவாட் கணக்கே கேட்டுப் பழகிய வட்டாரத்துக்குச் சிரிப்பாக இருக்கும். எலும்பில் செருகிய மின்கம்பியின் எதிர்முனையைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. மின்புலத்தை வெளியிலிருந்து செலுத்தும் முறையிலோ, செல்லின் சுவரிலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. இரண்டுமே எலும்பு கட்டும் செல்களை வேலைக்கு இழுக்கின்றன. தாடைக்கும் சான்று உண்டு: 1980-இல் டேவிடோவிச் குழுவினர் பூனைகளின் கோரைப்பற்களை ஸ்பிரிங் வைத்து நகர்த்தியபோது, மின்னோட்டமும் சேர்த்துக் கொடுத்த பற்கள் வேகமாக நகர்ந்தன; பல் நகர்வதே சுற்றியுள்ள எலும்பு கரைந்து மறுபடி கட்டப்படுவதால்தான்.

பூனையில் நடந்தது மனிதரில் நடக்குமா என்பதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மின்தூண்டலைப் போலிக் கருவியோடு ஒப்பிட்ட 15 ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, எக்ஸ்-ரேயில் எலும்பு கூடாமல் போவது சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது, வலியும் குறைந்திருந்தது. நோயாளியின் உடல் செயல்பாட்டில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. படம் தேறினால் போதுமா என்பதுதான் ஆட்சேபம். கை, கால், முதுகு எலும்புகளில் வந்த இந்தக் கணக்கை அப்படியே வாய்க்குள் கொண்டுவர முடியாது. ஆனாலும் தாடையில் எக்ஸ்-ரே வெறும் படமல்ல: திருகு பிடிக்க எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் என்பதுதான் அங்கே சிகிச்சையையே தீர்மானிக்கிறது. அதனால் இப்போதுள்ள சான்று ஒரு சோதனைக்குப் போதும். கிளினிக்கில் காசு வாங்கிக்கொண்டு செய்யப் போதாது. பல் பிடுங்க ஆட்கள் தினமும் வரும் கல்லூரிகளே அந்தச் சோதனைக்கு இடம். பாதிப் பேருக்கு மின்சாரம் ஓடாத கருவி, பாதிப் பேருக்கு ஓடும் கருவி, 3 மாதம் கழித்து மேட்டின் அகலம், ஓராண்டு கழித்து அந்தப் பக்கம் முறுக்கைக் கடிக்க முடிகிறதா என்ற விசாரிப்பு. எச்சில் ஊறும் வாயில் மின்கம்பியை 3 மாதம் கிருமி தொற்றாமல் எப்படி வைப்பது என்பதுதான் உண்மையான தலைவலி. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.