தோட்டங்கள் என்னும் பெயருடைய பாலைத் தலைநகர்

மடுல்கெல்லையில் மழைக்கும் ஓடைக்கும் குறைவில்லை. இம்மலைத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் பலர் வேலை நாடிச் சென்ற நகரங்களுள் ஒன்று, ஆறே இல்லாத சவூதி அரேபிய நாட்டின் தலைநகரான ரியாத். அரபு மொழியில் அப்பெயருக்கும் ‘தோட்டங்கள்’ என்பதே பொருள்! பாலை நிலத்துக்கு இப்பெயர் எங்ஙனம் வந்தது?

மழை பெய்யுங்கால் நீரோடும் வாடி ஹனீஃபா என்னும் பள்ளத்தாக்கை ஒட்டி, கிணற்று நீரால் பேரீச்சந் தோப்புகள் தழைத்திருந்தன. ஊருக்கு அவையே பெயர் தந்தன. அப்பள்ளத்தாக்கில் அமைந்த திரிய்யா நகரே முதற் சவூதி அரசின் தலைநகர். 1818ஆம் ஆண்டு இப்ராஹீம் பாஷாவின் படை அதனை அழித்தது. 1824ஆம் ஆண்டில் தலைமை ரியாதுக்கு மாறியது. திரிய்யாவின் மண் மாளிகைகள் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. நம் நக்கிள்ஸ் மலைத்தொடரை உள்ளடக்கிய இலங்கையின் மத்திய மலைநாடும் அதே ஆண்டில்தான் அப்பட்டியலில் சேர்ந்தது என்பது மகிழத்தக்க ஒற்றுமையன்றோ!

ரியாதின் பழஞ்சின்னங்களுள் தலையாயது மஸ்மக் கோட்டை. களிமண்ணாலும் பச்சைச் செங்கல்லாலும் எழுந்தது அது. 1902ஆம் ஆண்டு ஜனவரியில், குவைத்தில் அகதியாயிருந்த இளவரசர் அப்துல் அஸீஸ் சிறு படையுடன் வந்து அதனைக் கைப்பற்றினார். அன்று எறியப்பட்ட ஈட்டியின் முனை மரக்கதவில் இன்றும் பதிந்திருக்கிறது. 1932இல் அவரே சவூதி அரேபிய இராச்சியத்தை நிறுவினார்.

1938இல் நாட்டின் கிழக்கே எண்ணெய் ஊற்றுக் கண்டதும் மண் நகரம் உருமாறிற்று. இன்று 302 மீற்றர் உயரக் கிங்டம் கோபுரம் வானளாவி நிற்கிறது. மக்கள் தொகை 70 இலட்சத்தை எட்டியிருக்கிறது. பழங்கிணறுகள் இத்தனை பேருக்கு எவ்வாறு போதும்? கடல்நீரை உப்பகற்றி, கரையோர ஜுபைலிலிருந்து 400 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து குழாய் வழியே மேட்டு நிலத்துக்கு ஏற்றுகின்றனர்.

அவ்வரிய நீரைக் கொண்டு அயலார் இல்லங்களைக் கழுவித் துடைத்தவர்களில் நம் தாய்மாரும் சகோதரிகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தும் கோட்டையையோ கோபுரத்தையோ காணாது, நான்கு சுவர்களை மட்டுமே கண்டு திரும்பியோர் அவர்களுள் உளர். ஆதலின் அங்குள்ள உங்கள் மகளுடன் தொலைபேசியில் உரையாடுகையில், அனுப்பிய பணத்தைப் பற்றி மட்டும் வினவாதீர்கள். “ஓய்வு நாள் கிடைத்ததா அம்மா? மஸ்மக் கோட்டையைப் பார்த்தாயா?” என்றும் கேளுங்கள். அவளுக்கு ஓய்வும் உரிமையும் கிட்டுகின்றனவா என்பதை அவ்விடையே உங்களுக்கு உணர்த்திவிடும்.